டாக்டர் மேஜைக்கு அடியில ஒரு ஒயர்

ஜன்னலைச் சாத்தணுமாண்ணே? தாராளமாச் சாத்திக்கங்க. எனக்கும் எதிர்க்காத்து ஒத்துக்காது. பை உங்க கால்ல இடிக்குதோ? இருங்க, மடியில வச்சுக்கிறேன். உள்ள ஒயரு, அதைக் கடிச்சுவிடுற குறடு, சோதிச்சுப் பாக்குற ஒரு குட்டி டப்பா. எலக்ட்ரீசியன் இல்லண்ணே. நெட்வொர்க் இன்ஜினியர். கழுத்துல தொங்குற அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு. ஒரு கம்ப்யூட்டருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சுன்னா நான் போய்ச் சேத்து வைக்கணும். அவ்வளவுதான் வேலை.

உசிலம்பட்டி வரைக்கும். நீங்க தேனியா? அப்ப நேரம் கெடக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தாத் தூங்கிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா யாருகிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும்.

உசிலம்பட்டில ஒரு ஆஸ்பத்திரி. பேரு வேணாம். டாக்டர் நீலமேகம்னு குழந்தைகள் டாக்டர், அவருதான் முதலாளியும். அவருகிட்டப் போயி நான் ரெண்டே ரெண்டு வாக்கியம் சொல்லணும். ‘டாக்டர், உங்க மேஜைக்கு அடியில நீங்க சொருகி வச்ச ஒயர்தான் கோளாறு. அதை எடுத்தாச் சரியாயிரும்.’ முடிஞ்சது. இன்னைக்கு இதைச் சொல்லி, பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு வரணும். வரலைன்னா நாளையிலருந்து ஆபீஸ் பக்கம் வரவேணாம்னு சொல்லிப்புட்டான். யாரா? என் டீம் லீடர், ஆரோக்கியராஜ்னு. என்னைவிடப் பன்னெண்டு, பதிமூணு வயசு சின்னவன். என்னைய ‘ப்ரோ’ங்கறான். சாரும் கெடையாது, அண்ணனும் கெடையாது, ப்ரோ. வேலையை விட்டுத் தூக்குறதைக்கூட ‘சாரி ப்ரோ’ன்னுதான் சொல்றான்.

ரெண்டு வாக்கியந்தானே, போன உடனே சொல்லிற வேண்டியதுதானேங்கறீங்க. கரெக்டுண்ணே. நூத்துக்கு நூறு கரெக்டு. ஆனா அது அப்படி இல்ல.

நான் இதுக்கு முன்னால மெடிக்கல் ரெப்பா இருந்தேன். பதினோரு வருசம். இதே ரூட்டு, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி. டை கட்டிக்கிட்டு, பெரிய பையைத் தூக்கிக்கிட்டு, டாக்டரு ரூம் வாசல்ல காத்துக் கெடப்போம் பாருங்க, அந்தச் சாதி. கடைசி நோயாளி போன பெறகு கதவு தொறக்கும். உள்ள போனா ரெண்டு நிமிசம். அதுக்குள்ள மருந்து பேரு, மில்லிகிராம், எல்லாம் நின்னுக்கிட்டே சிரிச்ச மொகமா ஒப்பிக்கணும். டாக்டர் என்ன சொன்னாலும் தலையாட்டணும். ‘உன் கம்பெனி சிரப் கசக்குதேய்யா’ன்னாலும் ஆமா டாக்டர். ‘போன மாசம் மாம்பழ டேஸ்ட்னு சொன்னியே’ன்னாலும் ஆமா டாக்டர். வெளிய இருக்கிறவனுக்கு இது கேவலமாத் தெரியும். உள்ள இருக்கிறவனுக்கு அது தொழில். இல்லன்னு சொன்ன ரெப்புக்கு மறுநா கதவு தொறக்காதுண்ணே.

அப்ப உசிலம்பட்டிலதான் குடியிருந்தோம். எம்பொண்ணு மித்ராவுக்கு ஒரு தடவை நல்ல காய்ச்சல். நானும் என் சம்சாரம் வாணியும் இதே டாக்டருகிட்டத் தூக்கிட்டுப் போனோம். பாத்தாரு, ஒரு மருந்து எழுதுனாரு. அந்த மருந்து எம்பொண்ணுக்கு ஒத்துக்காது. முன்னாடி ஒரு தடவை குடுத்து ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு, வீங்கிருச்சு. எனக்கு நல்லாத் தெரியும். மருந்து விக்கிறவன் எனக்குத் தெரியாதா? அவரு எழுதிக்கிட்டே ‘இது போதும், என்ன?’ன்னாரு. நான் ஆமா டாக்டர்னுட்டேன். ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? மரியாதை. கேக்குறப்ப ஒரு பதில் சொல்லணும்ல. வெளிய போனதும் வேற மருந்து நானே வாங்கிக்கலாம்னுதான் என் மனசுல.

வாணி சும்மா இருந்தாளா? அங்கேயே சொல்லிட்டா. ‘இது இவளுக்கு ஒத்துக்காது டாக்டர், தடிப்பு வரும்’னா. அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. ‘நீ சொல்லவே இல்லையேய்யா’ன்னாரு. கோவமெல்லாம் இல்ல, அடிச்சிட்டு வேற எழுதிட்டாரு. அஞ்சு செகண்டு வேலை. ஆனா எனக்கு மொகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. வீட்டுக்கு வந்ததும் வாணி பொண்ணைப் படுக்கப் போட்டுட்டு என்கிட்ட வந்தா.

“பெத்த பொண்ணுக்காகக்கூட உங்க வாயில ஒரு ‘இல்லை’ வராதா?”

அழுகல, கத்தல. அப்படிக் கேட்டா. கத்தியிருந்தாக்கூட நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அன்னைக்கு முடிவு பண்ணேண்ணே. இந்தப் பொழப்பு வேணாம். மருந்து விக்கப் போயித்தானே தலையாட்ட வேண்டியிருக்கு? தலையாட்டவே தேவையில்லாத ஒரு வேலைக்குப் போயிருவோம்னு. கம்ப்யூட்டருக்கு யாரும் ஆமா சாமி போட வேணாம்ல. என் கூடப் படிச்சவன் ஒருத்தன்தான் நெட்வொர்க்கிங் படி, ஒரு சர்டிபிகேட் பரிட்சை இருக்கு, அது பாஸ் பண்ணா ஏசி ரூம்ல உக்காந்து பெரிய பெரிய ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருக்கலாம்னான். அவன் சொன்னதுல சர்டிபிகேட் இருக்குங்கிறது மட்டுந்தான் நெசம்.

என்னண்ணே? கம்ப்யூட்டர் வேலைக்கெல்லாம் இனிமே எதிர்காலமே இல்லையா? ஆமாண்ணே, கரெக்டாச் சொல்றீங்க. எல்லாத்தையும் மெசினே பாத்துக்கிரும். நம்மளுக்கு ஒண்ணுமில்ல.

மதுரைக்குக் குடி வந்தோம். வாணி ஒரு தனியார் ஸ்கூல்ல சேந்தா, சாயங்காலம் டியூசனும் எடுத்தா. எனக்குக் காளவாசல்கிட்ட ஒரு மாடியில நெட்வொர்க்கிங் கிளாஸு. எல்லாம் மீசை மொளைக்காத பயலுக. நான் உள்ள நொழைஞ்ச மொத நாளு எல்லாம் எந்திரிச்சு ‘குட்மார்னிங் சார்’ங்கறானுக, வாத்தியாருன்னு நெனச்சுக்கிட்டு. பெறகு அங்கிள் ஆயிட்டேன். பிராக்டிகல்னா ‘அங்கிள் நீங்க பாருங்க, நாங்க பண்றோம்’பானுக. வெறுப்பா இருக்கும்ணே. ஆனா படிச்சேன். நெசமாப் படிச்சேன். அந்தப் பயலுக கேள்வித்தாளை எங்கேயோ இருந்து எறக்கி மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருவானுக. நான் அப்படி இல்ல. மனப்பாடம் பண்ணிப் பண்ணி நொந்தவன் நானு. ஏன் எதுக்குன்னு கேட்டுத்தான் படிச்சேன்.

மொத தடவை ஃபெயிலு. அந்தப் பரிட்சையே ஒரு தினுசுண்ணே. ஒரு கேள்வியைத் தாண்டிட்டா திரும்ப அதுக்கிட்ட வர முடியாது. நாம படிச்ச காலத்துல தெரியாததை விட்டுட்டுக் கடைசில வந்து கதை எழுதுவோம். இதுல முடியாது. எனக்கு யோசிச்சு யோசிச்சு மத்தியானமே ஆயிருச்சு, பாதிக் கேள்விதான் தாண்டியிருந்தேன். ரெண்டாந்தடவைதான் பாஸு. வாணி பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி குடுத்தா. அன்னைக்கு ராத்திரி அவ என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சா பாருங்க. அதுக்காக இன்னும் ரெண்டு பரிட்சை எழுதலாம்.

பாஸ் பண்ணா வேலை தேடி வரும்னானுக. எங்க வந்துச்சு? இன்டர்வியூன்னு போனா, ‘அனுபவம் எத்தனை வருசம்?’ பதினோரு வருசம் சார். ‘எதுல?’ ஆன்டிபயாடிக்ல சார். சிரிக்கிறான். புதுசா வர்றவன்தான் வேணும்ங்கறான், ஆனா புதுசா வர்றவனுக்கு நாப்பது வயசு ஆகக் கூடாதுங்கறான். அப்ப நான் என்ன செய்ய, திரும்பப் பொறந்தா வர முடியும்? கடைசில இந்தக் கம்பெனி எடுத்துச்சு. ஏசியுமில்ல, ஸ்கிரீனுமில்ல. ஒரு பையைக் குடுத்தானுக. மடியில இருக்குல்ல, இதேதான். எந்த ரூட்டுன்னு கேட்டா, செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி. ‘ப்ரோ, உங்களுக்கு இந்த ஏரியா டாக்டர்ஸ் எல்லாம் பழக்கமாச்சே, அதுக்குத்தான் எடுத்தோம்’ங்கறான். அப்ப என் சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்பு? நான் ஒண்ணும் கேக்கல. ஆமா ப்ரோன்னு வந்துட்டேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வாரம் நீலமேகம் டாக்டர் ஆஸ்பத்திரில எல்லாம் படுத்துருச்சு. பில் போடுற எடம், லேபு, மெடிக்கல், ஒண்ணோட ஒண்ணு பேசல. நான் போனேன். மெயின் டப்பான்னு ஒண்ணு மாடிப்படிக்கு அடியில இருக்கும், எல்லா ரூம் ஒயரும் அங்கதான் வந்து சேரும். அதுல இருக்கிற லைட்டெல்லாம் வெறி புடிச்ச மாதிரி மினுக்கிக்கிட்டு இருக்கு. பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சுண்ணே. கிளாஸ்ல செஞ்சு காட்டுன பாடம். ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் ஒரே டப்பாவுல சொருகிட்டா, அனுப்புன சேதி போக எடமில்லாமச் சுத்திச் சுத்தி வந்து மொத்த ரோட்டையும் அடைச்சிரும். லூப்புன்னு பேரு. எங்கேயோ ஒரு ரூம்ல எவனோ இதைப் பண்ணிருக்கான். ஒவ்வொரு ஒயராப் புடுங்கிப் பாத்தேன். ஒரு ஒயரைப் புடுங்குனதும் ஆஸ்பத்திரி மொத்தமும் உசுரு வந்துருச்சு. பில் போடுற பிள்ளைக கை தட்டுதுக. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பதினோரு வருசத்துல எனக்கு ஒருத்தர் கை தட்டல.

அது டாக்டர் ரூம் ஒயரு.

அவரு உள்ளருந்து பெல்லை அழுத்துறாரு. ‘ஏன்யா, எல்லாருக்கும் வருது, முதலாளி எனக்கு வரல?’ போனேன். ரூம்ல மேஜைக்கு அடியில ஒரு சின்ன டப்பா. குனிஞ்சு பாத்தா, ஒரு ஒயரோட ரெண்டு மூக்கும் அதுலயே சொருகியிருக்கு. நான் குனிஞ்சதைப் பாத்துட்டு அவரு சொல்றாரு, “அந்த ஒயர் சும்மாத் தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சுய்யா. நான்தான் கரெக்டா எடம் பாத்து சொருகி வச்சேன்.” பெருமையாச் சொல்றாருண்ணே. பக்கத்துல நர்ஸம்மா நிக்கிறாங்க. ஒரு கொழந்தையோட அம்மா நிக்கிறாங்க. நான் எப்படிச் சொல்றது, நீங்க பண்ணதுதான் டாக்டர் தப்புன்னு? நீங்க சொல்லிருவீங்களா? சொல்லிருவீங்களா... ம். நீங்க சொன்னாலும் சொல்லுவீங்க.

அவரே சொல்றாரு, மெயின் டப்பா பழசாயிருச்சு, அதால என் ரூமையும் சேத்து இழுக்க முடியல, அதை மாத்துன்னு. நான் ஆமான்னா சொன்னேன்? ‘இருக்கலாம் டாக்டர்’னுதான் சொன்னேன். இருக்கலாம்ங்கறது ஆமா ஆகுமா? ஆகாதுல்ல. அவரு ரூமுக்குத் திரும்பச் சொருகிவிடுன்னாரு. சொருகிவிட்டேன். மொத்தமும் படுத்துருச்சு. ‘பாத்தியா, நான் சொன்னேன்ல’ங்கறாரு.

என் திட்டம் என்னன்னா, அவரு வார்டு ரவுண்ட்ஸ் போறப்ப நைசா உள்ள போயி அந்த ஒயரை உருவிற வேண்டியது. அவரு மனசும் நோகாது, வேலையும் முடிஞ்சிரும். ஆனா அந்த மனுசன் எந்திரிச்சா ரூமைப் பூட்டிச் சாவியைப் பையில போட்டுக்கிறாரு. மத்தியானம் வரைக்கும் வாசல்லயே நின்னேன். பழைய ரெப்பு பசங்க ரெண்டு பேரு பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, ‘என்னண்ணே, திரும்ப வந்துட்டீங்களா?’ங்கறானுக.

மெயின் டப்பாவை மாத்துனோம். புதுசு வந்துச்சு. அதுவும் படுத்துருச்சு. படுக்காம? ஆஸ்பத்திரில எல்லாத்தையும் கையில எழுதுறாங்க. ஒரு கொழந்தையோட ரத்த ரிசல்ட்டு வேற கொழந்தை சீட்டுக்குப் போயிருச்சாம். நல்ல வேளை, நர்ஸம்மா பாத்துட்டாங்க. அதைக் கேட்டு எனக்கு அன்னைக்குச் சாப்பாடே எறங்கல. ஆனா அதுக்கும் நானா பொறுப்பு? ஒயரைச் சொருகுனது யாரு?

டாக்டர் எங்க கம்பெனிக்குப் போன் போட்டு, நீங்க குடுக்குற சாமான் எல்லாம் மட்டம், உங்களையே மாத்தப் போறேன்னுட்டாரு. ஆரோக்கியராஜ் கூப்பிட்டுக் கேட்டான். லூப்பு ப்ரோ, டாக்டர் ரூம்ல இருக்குன்னு சொல்லிட்டேன். ‘எப்ப கண்டுபுடிச்சீங்க?’ன்னான். மொத நாளேன்னேன். என் தெறமையைச் சொன்னேண்ணே. அதுக்கு அவன் தலையில கையை வச்சுக்கிட்டான். பாராட்டத் தெரியாத பய. வேற ஆளையாவது அனுப்புறானா பாருங்க. ‘ஒயரை எடுக்க யாரு வேணும்னாலும் போலாம் ப்ரோ. ஆனா அவருகிட்டச் சொல்லாம வந்தா நாளைக்கு அவரே திரும்பச் சொருகிருவாரு. நீங்கதான் சொல்லணும்’ங்கறான்.

வாணிகிட்டயும் சொன்னேன். அவ கோவிச்சுக்கல. காலையில டிபன் எடுத்து வச்சுட்டு, சட்டையைத் தேய்ச்சுக் குடுத்துட்டு, ‘இன்னைக்கு மட்டும் சொல்லிட்டு வந்துருங்க. வேலை போனாக்கூடப் போகட்டும், சொல்லிட்டு வாங்க’ன்னா. வேலை போறதைப் பத்திக்கூட அவளுக்கு இல்ல பாருங்க. நான்தான் அவளுக்குப் புரியிற மாதிரி எடுத்துச் சொன்னேன், இது தைரியம் சம்பந்தப்பட்ட விசயமில்ல, அணுகுமுறைன்னு. கேட்டுக்கிட்டா.

வேர்க்குதா? எனக்கா? அதெல்லாம் இல்லண்ணே. ஜன்னல் அப்படியே இருக்கட்டும்.

செக்கானூரணி வந்துருச்சு. கூட்டத்தைப் பாருங்க. இருங்க, போன் அடிக்குது. அட, அவரேதான்.

வணக்கம் டாக்டர். சொல்லுங்க டாக்டர். பஸ்லதான் டாக்டர், உங்களைப் பாக்கத்தான் வந்துக்கிட்டு இருக்கேன் டாக்டர். ஒரு சின்ன விசயம் டாக்டர், உங்க மேஜைக்கு அடியில... சொல்லுங்க டாக்டர், நீங்க சொல்லுங்க. சுவத்துக்குள்ள போற ஒயரா? எலியா டாக்டர்? யாரு, உங்க மச்சினரு சொன்னாரா. இருக்கலாம் டாக்டர். எலி கடிக்கும் டாக்டர். கட்டடம் பூராவுமா டாக்டர்? ஆமா டாக்டர், புதுசா இழுத்துட்டா நிம்மதிதான். ஆமா, எங்க கம்பெனி செலவுதான் வரும். நீங்க கம்பெனிக்குப் பேசுறப்ப, நான் சொன்னேன்னே சொல்லுங்க டாக்டர். இல்ல டாக்டர், அந்தச் சின்ன விசயம் ஒண்ணுமில்ல டாக்டர். நேர்ல சொல்றேன். வச்சிடுறேன் டாக்டர்.

பாத்தீங்களாண்ணே? ஆரம்பிச்சேனா இல்லையா? மேஜைக்கு அடியிலன்னு ஆரம்பிச்சேன்ல, நீங்கதான் சாட்சி. மனுசன் பேச விட்டாத்தானே? சரி, எலின்னாலும் ஒரு வகையில நல்லதுதான். யாரு மேலயும் பழி இல்ல பாருங்க. ஆரோக்கியராஜ்தான் தையத்தக்கான்னு குதிப்பான். குதிக்கட்டும்.

திரும்ப அடிக்குது. வாணி. அவளுக்கு இப்ப இன்டர்வல் டைம்.

சொல்லும்மா. பேசிட்டேன், அவரே கூப்பிட்டாரு. சொன்னேன்மா. முக்காவாசி சொல்லிட்டேன். நேர்ல மிச்சத்தை... என்ன? நின்னுக்கிட்டுப் பேசுனேனா, உக்காந்துக்கிட்டுப் பேசுனேனாவா? இது என்னம்மா கேள்வி, பஸ்ல போய்க்கிட்டு இருக்கேன், உக்காந்துதான்... வாணி? ஹலோ? வாணி?

வச்சுட்டாண்ணே.

நான் எப்ப எந்திரிச்சேன்? டாக்டர் போன் வந்தப்பவா? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. இவரு எப்ப என் எடத்துல வந்து உக்காந்தாரு? செக்கானூரணில ஏறுனாரா? இல்ல சார், நீங்க உக்காருங்க. எந்திரிக்காதீங்க. பரவால்ல சார், நெசமாத்தான் சொல்றேன், நான் எறங்குற எடம் வந்துருச்சு.

என்னண்ணே? உசிலம்பட்டிக்கு இன்னும் அரைமணி நேரம் கெடக்குதா?

ஆமாண்ணே. நீங்க சொல்றது சரிதான்.